எஸ்.பி.எம். முடித்து மின்சாரத் தொழில் படிக்கப் போகிறவர்களுக்கு: பினாங்கிலிருந்து ஒரு வழிகாட்டி

எஸ்.பி.எம். (மலேசியாவில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் அரசாங்கத் தேர்வு) முடிவு வந்ததும் பிள்ளைகளும் பெற்றோரும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “எலெக்ட்ரிக்கல் எங்கே படிக்கலாம்?” நான் பினாங்கு மாநிலத்தின் பிறை நகரில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கே என்பதற்கு முன்னால் எதற்கு என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளச் சொல்வேன்.

மலேசியாவில் இந்தத் தொழிலுக்கு இரண்டு விதமான தாள்கள் உண்டு. ஒன்று, நீங்கள் படித்து முடித்ததற்கான சான்றிதழ். அதைக் கல்லூரியோ, மனிதவள அமைச்சின் கீழ் உள்ள திறன் மேம்பாட்டுத் துறையோ தரும். மற்றது தகுதிச் சான்றிதழ். வயர்மேன் (வீடு, கட்டட வயரிங்குக்குப் பொறுப்பேற்பவர்), சார்ஜ்மேன் (தொழிற்சாலையின் மின் அமைப்பைப் பொறுப்பேற்று இயக்குபவர்) என்று நாம் சொல்வது அதைத்தான். அதைத் தருவது எரிசக்தி ஆணையம், அதாவது சுருஹான்ஜாயா தெனாகா. 1990-ஆம் ஆண்டின் மின் விநியோகச் சட்டமும் 1994-ஆம் ஆண்டின் மின்சார விதிமுறைகளும்தான் இதற்கு அடிப்படை. ஒரு வீட்டின் வயரிங் முடிந்ததும் ‘பாரம் ஜி’, ‘பாரம் எச்’ என்று இரண்டு படிவங்களில் தகுதி பெற்றவர் கையெழுத்துப் போட வேண்டும். முதலாவது, வேலையை மேற்பார்த்து முடித்ததற்கு. இரண்டாவது, சோதித்துப் பார்த்ததற்கு. எவ்வளவு அழகாக வேலை செய்தாலும் தகுதிச் சான்றிதழ் இல்லாதவர் அதில் கையெழுத்துப் போட முடியாது.

நம் பிள்ளைகளில் நிறையப் பேர் முதல் தாளோடு நின்றுவிடுகிறார்கள். வருடக்கணக்காக அடுத்தவர் கையெழுத்துக்குக் கீழே உதவியாளராகவே ஓடுகிறது வாழ்க்கை. படிப்பைத் தேர்ந்தெடுக்கும் அன்றே இரண்டாவது தாளை மனதில் வைத்துக்கொண்டால் இந்த நிலை வராது. கீழே சொல்லும் எல்லாவற்றையும் அந்தக் கண்ணோடு படியுங்கள்.

முதலில் பாடத்தின் பெயரைப் பாருங்கள்

கல்லூரிக் கையேட்டில் எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக், மெக்கட்ரானிக், ஏர்கண்டிஷன் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும். “எல்லாம் கரண்டு வேலைதானே” என்று கிடைத்ததில் சேர்ந்துவிடாதீர்கள். எலெக்ட்ரானிக் படித்தவருக்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் நல்ல வேலை கிடைக்கும், சந்தேகமே இல்லை. 1972-இல் அங்கே தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கியதிலிருந்து பினாங்கு அந்தத் தொழிலில்தான் வளர்ந்தது. ஆனால் வயர்மேன், சார்ஜ்மேன் ஆவதற்கு நேரான வழி அதுவல்ல.

மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம். மூன்று நிலைகள் கொண்டது. மின்சாரப் பொருத்துதல், பராமரிப்புப் பிரிவில் இரண்டாம் நிலை ஒற்றை பேஸ் (உயிரோட்டமுள்ள கம்பி ஒன்று மட்டும் வரும்) வேலை: வீடு, கடை, சின்ன அலுவலகம். மூன்றாம் நிலை மூன்று பேஸ் (அப்படிப்பட்ட கம்பி மூன்று வரும்) வேலை: தொழிற்சாலை, மோட்டார், பெரிய கட்டடம். அதற்கு மேலே நான்காம் நிலை டிப்ளோமா, ஐந்தாம் நிலை உயர் டிப்ளோமா. இரண்டையும் மூன்றையும் ஒரே இடத்தில் முடிக்க முடிகிற கல்லூரியைத் தேடுங்கள். ஏறக்குறைய ஒன்றரையிலிருந்து இரண்டு ஆண்டு பிடிக்கும்.

பினாங்கில் எங்கே

நிபோங் தெபாலில் ஆறுமுகம் பிள்ளை தொழிற்பயிற்சிக் கழகம் இருக்கிறது. நம்மவர் ஒருவரின் பெயரைத் தாங்கிய அரசாங்கப் பயிற்சிக் கழகம். மனிதவள அமைச்சின் கீழ் இயங்கும் ஐ.எல்.பி. (தொழிற்பயிற்சிக் கழகம் என்பதன் மலாய்ச் சுருக்கம்) வரிசையில் ஒன்று. ரயிலில் வருகிறவர்களுக்கு நிபோங் தெபாலிலேயே கொமுட்டர் நிற்கும். பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் பக்கம் இருப்பவர்கள் அதிலேயே வரலாம். வடக்கே கெப்பாலா பத்தாஸிலும் ஓர் ஐ.எல்.பி. உண்டு. புக்கிட் மின்யாக்கில் இருக்கும் ஜப்பான் மலேசியத் தொழில்நுட்பக் கழகம் அதே அமைச்சைச் சேர்ந்தது, டிப்ளோமா படிக்க நினைப்பவர்களுக்கு ஏற்றது.

உயர்கல்வி அமைச்சின் பக்கம் சமூகக் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் இருக்கின்றன. சமூகக் கல்லூரியின் சான்றிதழ்ப் படிப்பு சரியாக இரண்டு ஆண்டு, நான்கு செமஸ்டர், அதில் ஒரு செமஸ்டர் வெளியே தொழில் பயிற்சி. எல்லாக் கிளையிலும் மின்சாரப் பிரிவு இருக்காது, எனவே எந்தக் கிளையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். பெர்மாத்தாங் பாவிலும் பாலேக் பூலாவிலும் பாலிடெக்னிக் உண்டு. அங்கே டிப்ளோமா, காலமும் கூடுதல். சமூகக் கல்லூரியில் நன்றாகச் செய்தவர்கள் பிறகு பாலிடெக்னிக்குக்குப் போக வழி இருக்கிறது.

தனியார் நிலையங்களும் நிறைய இருக்கின்றன. நல்ல இடங்களும் உண்டு. சேர்வதற்கு முன் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள்: திறன் மேம்பாட்டுத் துறையின் இணையத்தளத்தில் அந்த நிலையத்தின் பெயரைத் தேடி, எந்தப் பாடத்துக்கு, எந்த நிலை வரை, எந்தத் தேதி வரை அங்கீகாரம் இருக்கிறது என்று பாருங்கள். ‘அங்கீகாரம் பெற்றது’ என்று பலகையில் எழுதியிருப்பது போதாது. என் உறவுக்காரப் பையன் ஒருவன், மூன்றாம் நிலை வரை என்ற விளம்பரத்தை நம்பி ஒரு நிலையத்தில் பணம் கட்டினான். அங்கீகாரம் இருந்ததோ இரண்டாம் நிலைக்கு மட்டும். அவனுடைய அம்மா ஸ்கூல் கேண்டீனில் நின்று சம்பாதித்த பணம் அது. அங்கீகாரப் பட்டியலைப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகும். தயவுசெய்து பாருங்கள்.

விண்ணப்பமும் பணமும்

பாலிடெக்னிக்குக்கும் சமூகக் கல்லூரிக்கும் யு.பி.யு. என்ற உயர்கல்விச் சேர்க்கைத் தளம் வழியாக விண்ணப்பிக்கலாம். ஐ.எல்.பி. போன்ற தொழிற்கல்வி நிலையங்களுக்கு யு.பி. டிவெட் என்ற பொதுத் தளம் இருக்கிறது. இரண்டிலும் போடுங்கள். ஒன்றில் கிடைக்காதது மற்றதில் கிடைக்கும். ஐ.எல்.பி.யில் வருடத்துக்கு ஒருமுறைக்கு மேல் ஆள் எடுப்பார்கள், எனவே முதல் தடவை கை நழுவினால் மனம் விட வேண்டாம்.

எஸ்.பி.எம்.மில் பெரிய மதிப்பெண் தேவையில்லை. பல இடங்களில் மலாய், வரலாறு தேறியிருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். நேர்முகத் தேர்வில் நிறக்குருடு இருக்கிறதா என்று சோதிப்பார்கள். நம் நாட்டு வயரிங்கில் சிவப்பு, கறுப்பு, பச்சை என்று நிறத்தை வைத்துத்தான் உயிரோட்டமுள்ள கம்பி, நியூட்ரல், எர்த் எல்லாம் பிரிகிறது. மூன்று பேஸ் என்றால் சிவப்பு, மஞ்சள், நீலம். இதில் குழப்பம் வந்தால் ஆளுக்கே ஆபத்து. பிள்ளைக்கு நிறம் பிரித்தறிவதில் சிரமம் உண்டு என்று தெரிந்தால் முன்கூட்டியே கிளினிக்கில் பார்த்துவிட்டு, வேறு பிரிவைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

பணம் என்று வந்தால், அரசாங்க நிலையங்களில் கட்டணம் குறைவு. அங்கீகாரம் பெற்ற தனியார் நிலையத்தில் எஸ்.கே.எம். படிப்பவர்களுக்கு பி.டி.பி.கே. என்ற அரசாங்கத் திறன் மேம்பாட்டு நிதிக் கழகத்தின் கடன் உண்டு. நம் சமுதாயத்துக்கு எம்.ஐ.இ.டி. என்ற கல்வி நிதி அமைப்பின் கடனும் இருக்கிறது. எல்லாம் கடன்தான், திருப்பிக் கட்ட வேண்டியதுதான். எனவே அரசாங்க இடம் கிடைத்தால் அதையே எடுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஐ.எல்.பி.யிலும் சமூகக் கல்லூரியிலும் இந்தப் பிரிவில் பெண்கள் படிக்கிறார்கள். பேனல் (கட்டுப்பாட்டுப் பெட்டி) வயரிங், சோதனை, பி.எல்.சி. (இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் சிறு கணினி) வேலைகளில் பொறுமையும் கை நேர்த்தியும்தான் முக்கியம். பெற்றோர் தயங்க வேண்டாம்.

முதல் ஆறு மாதம்

வகுப்பு மலாயில் நடக்கும். இயந்திரங்களோடு வரும் கையேடு ஆங்கிலத்தில் இருக்கும். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகள் இங்கே முதல் மாதம் கொஞ்சம் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு சின்ன நோட்டில் மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் சொற்களை எழுதிக்கொண்டே வாருங்கள்: ஆருஸ், கரண்ட், மின்னோட்டம் என்று. அப்புறம் அந்த நோட்டு தேவைப்படாது.

கணக்கு என்றதும் பயப்படாதீர்கள். பின்னம், வர்க்கமூலம், சூத்திரத்தைத் திருப்பி எழுதுவது, கொஞ்சம் சைன், கொசைன், அவ்வளவுதான். ஆனால் அந்த அளவு கட்டாயம் வேண்டும். ஓர் உதாரணம் பாருங்கள். நம் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட், அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். (2008 ஜனவரிக்கு முன் 240 என்று இருந்தது, பழைய பலகைகளில் இன்னும் அதைப் பார்க்கலாம்.) குளியலறையில் 3,600 வாட் வாட்டர் ஹீட்டர் மாட்ட வேண்டும். 3,600-ஐ 230-ஆல் வகுத்தால் 15.7 ஆம்பியர். நம் மூன்று முள் பிளக்கின் அளவு 13 ஆம்பியர். எனவே அதைச் சாக்கெட்டில் சொருகக் கூடாது. டி.பி. பெட்டியிலிருந்து (வீட்டின் மின் பகிர்வுப் பெட்டி) தனி லைன், அதற்கென்று 20 ஆம்பியர் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்), பெரிய கேபிள். இந்த ஒரு வகுத்தல் தெரியாததால் கருகிய சாக்கெட்டுகளை அடுக்குமாடி வீடுகளில் எவ்வளவோ பார்க்கலாம்.

அப்புறம் கை வேலை. முதல் செமஸ்டரில் ஒரு மரப் பலகையில் லைட்டும் சுவிட்சும் மாட்டச் சொல்வார்கள். மாடிப்படியில் மேலும் கீழும் இரண்டு சுவிட்ச் வைத்து ஒரே விளக்கை எரிய விடுவது வரைக்கும் அதில்தான். இதைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள், இந்தத் தொழிலின் பாதி அந்தப் பலகையில் இருக்கிறது. வயரின் தோலை உரிக்கும்போது செம்பில் கீறல் விழக் கூடாது. கத்தி பட்ட இடம் ஸ்க்ரூவை இறுக்கும்போது முறியும். தோலை அதிகமாக உரித்தால் டெர்மினலுக்கு வெளியே செம்பு தெரியும். குறைவாக உரித்தால் ஸ்க்ரூ தோலின் மேல் உட்கார்ந்துவிடும். அப்போதும் விளக்கு எரியும், எல்லாம் சரி என்று தோன்றும். ஆனால் அந்த இடம் மெல்லச் சூடேறி, ஒருநாள் கருகும். நல்ல பயிற்றுநர் விளக்கு எரிகிறதா என்று முதலில் பார்க்க மாட்டார். ஒவ்வொரு வயரையும் இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பார்ப்பார். உங்கள் பலகையை அவர் இழுப்பதற்கு முன் நீங்களே இழுத்துப் பாருங்கள்.

சோதனைகளை மனப்பாடமாகச் செய்யாமல் காரணத்தோடு படியுங்கள். கரண்ட் கொடுப்பதற்கு முன்னால் கம்பி தொடர்ச்சியாக இருக்கிறதா, காப்பு (கம்பியைச் சுற்றியுள்ள தோல்) நன்றாக இருக்கிறதா, சுவிட்ச் சிவப்புக் கம்பியில்தான் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காப்புச் சோதனைக்கு மெக்கர் கருவியில் 500 வோல்ட் கொடுத்துப் பார்ப்போம். குறைந்தது 1 மெகாஓம் வர வேண்டும். அதற்கு முன் பல்புகளைக் கழற்றி, மின்சாதனங்களைப் பிரித்துவிட வேண்டும். இல்லையென்றால் கருவி தவறான எண்ணைக் காட்டும், நல்ல சாதனமும் கெட்டுப்போகலாம். கடைசியாக ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) எவ்வளவு கசிவில் தட்டுகிறது, அதாவது துண்டிக்கிறது என்று சோதிப்போம். ஈரமான இடத்துக்கு 10 மில்லிஆம்பியர், கையில் பிடித்து வேலை செய்யும் சாதனங்களுக்கு 30, மற்றதுக்கு 100. வாட்டர் ஹீட்டருக்கு ஏன் 10 என்று யாராவது கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டும்: ஈரமான உடம்பு கரண்டை எளிதாகக் கடத்தும், அதனால் சின்னக் கசிவிலேயே தட்ட வேண்டும்.

மூன்று பேஸ் வந்ததும்

இங்கேதான் சிலர் பின்தங்குகிறார்கள். மோட்டார் கண்ட்ரோல் பாடம் வந்ததும் வரைபடத்தைப் பார்த்து மிரண்டு, பக்கத்தில் இருப்பவரின் பேனலைப் பார்த்து அப்படியே போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் தேர்வில் தேறலாம். தொழிற்சாலையில் இயந்திரம் நின்றுபோகும் இரவில் பக்கத்தில் பார்த்து எழுத யாரும் இருக்க மாட்டார்கள்.

ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் (மோட்டாரின் சுருள்களை முதலில் ஸ்டார், பிறகு டெல்டா என்ற இரு விதமாக இணைத்து ஓட்டும் அமைப்பு) ஒன்றை முழுசாகப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும். மோட்டார் நேராக ஸ்டார்ட் ஆகும்போது ஓடும் கரண்டைப் போல் ஆறேழு மடங்கு இழுக்கும். அதைக் குறைக்கத்தான் முதலில் ஸ்டாரில் ஓட்டுகிறோம். 400 வோல்ட் லைனில் ஸ்டார் இணைப்பில் ஒவ்வொரு சுருளுக்கும் கிடைப்பது 400-ஐ மூன்றின் வர்க்கமூலத்தால் வகுத்தது, அதாவது 231 வோல்ட்தான். லைனில் இழுக்கும் கரண்டும் மூன்றில் ஒரு பங்காகிவிடும். வேகம் பிடித்ததும் டைமர் டெல்டாவுக்கு மாற்றும். ஸ்டார், டெல்டா இரண்டு காண்டாக்டரும் (காயில் என்ற மின்காந்தச் சுருளால் இயங்கும் பெரிய சுவிட்ச்) ஒரே நேரத்தில் உள்ளே போனால் மூன்று பேஸும் ஒன்றோடு ஒன்று மோதிவிடும். அதனால்தான் ஒன்றின், சாதாரணமாக மூடியிருக்கும் காண்டாக்டை மற்றதின் காயில் லைனில் போட்டு, ஒன்று உள்ளே இருக்கும்போது மற்றது போகாதபடி இன்டர்லாக் செய்கிறோம்.

இன்னொன்று, மோட்டாரின் பெயர்ப்பலகையைப் படிக்கப் பழகுங்கள். 400/690 வோல்ட் என்று இருந்தால் நம் 400 வோல்ட் லைனில் அதை டெல்டாவில் ஓட்டலாம், ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் பொருந்தும். 230/400 என்று இருந்தால் அது ஸ்டாரில் மட்டும் ஓட வேண்டியது. டெல்டாவில் மாட்டினால் சுருள் எரிந்துவிடும். இரண்டும் வெளியே பார்க்க ஒன்று போலவே இருக்கும்.

உயிர் சம்பந்தப்பட்டது

டெஸ்ட் பேனாவை மட்டும் நம்பிக் கை வைக்காதீர்கள். நல்ல மீட்டரை எடுத்து, கரண்ட் இருப்பது உறுதியான இடத்தில் முதலில் காட்டிப் பாருங்கள். பிறகு வேலை செய்யும் இடத்தில் பாருங்கள். பிறகு மறுபடியும் முதல் இடத்தில் பாருங்கள். நடுவில் மீட்டரே கெட்டிருந்தால் மூன்றாவது பார்வையில்தான் தெரியும். சுவிட்சை இறக்கியதும் உங்கள் பெயர் எழுதிய பூட்டைப் போட்டுப் பூட்டுங்கள், சாவி உங்கள் பாக்கெட்டில் இருக்கட்டும். “அண்ணே சொல்லிட்டாரு, ஆஃப் பண்ணியாச்சு” என்ற பேச்சை ஏற்றுக்கொள்ளாதீர்கள். வயதில் மூத்தவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. கல்லூரியிலேயே இந்தப் பழக்கம் வர வேண்டும். வேலைக்குப் போன பிறகு அவசரம்தான் இருக்கும், பழக நேரம் இருக்காது.

தொழில் பயிற்சிக்கு எங்கே போவது

வீட்டுக்குப் பக்கத்தில், தெரிந்தவர் கடையில் என்று எடுத்துவிடாதீர்கள். கேட்க வேண்டிய கேள்வி: அங்கே சார்ஜ்மேனோ வயர்மேனோ இருக்கிறாரா, அவர் கீழே என்னைப் போடுவீர்களா? பிறை, புக்கிட் மின்யாக், பத்து காவான், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளின் பராமரிப்புப் பிரிவுகள் நல்ல தேர்வு. பெரிய தொழிற்சாலைக்கு தெனாகா நேஷனல் 11,000 வோல்ட்டிலோ 33,000 வோல்ட்டிலோ மின்சாரம் கொடுக்கும், தொழிற்சாலையின் சொந்த டிரான்ஸ்பார்மர் அதை 400-க்கு இறக்கும். அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்று ஒருமுறை பார்த்தால் சார்ஜ்மேன் வேலை என்ன என்று புரிந்துவிடும். கட்டுமான இடத்துக்குப் போவதாக இருந்தால் சி.ஐ.டி.பி. (கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம்) தரும் கிரீன் கார்டு இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள், முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

தினமும் செய்த வேலையை லாக் புக்கில் எழுதுங்கள். ‘வயரிங் வேலைக்கு உதவினேன்’ என்று எழுதினால் பயனில்லை. ‘15 குதிரைத்திறன் பம்ப் மோட்டாரின் ஓவர்லோட் ரிலே மாற்றினேன், காப்புச் சோதனை செய்தேன்’ என்று எழுதி, மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். பின்னால் தகுதித் தேர்வின் நேர்முகத்தில் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்பார்கள். அப்போது பேச இதுதான் கை கொடுக்கும்.

அப்புறம் அந்த இரண்டாவது தாள்

படிப்பு முடிந்த சூட்டோடு வயர்மேன் பயிற்சிக்கு விண்ணப்பியுங்கள். எரிசக்தி ஆணையம் அங்கீகரித்த நிலையங்களில் வகுப்பும் தேர்வும் நடக்கும். எழுத்து, செய்முறை, வாய்மொழி மூன்றும் உண்டு. முதலில் ஒற்றை பேஸ், பிறகு மூன்று பேஸ். சோதனை செய்யும் உரிமையும் சேர்ந்த சான்றிதழையே குறி வையுங்கள். அது இல்லாமல் ‘பாரம் எச்’-இல் கையெழுத்துப் போட முடியாது.

தொழிற்சாலைப் பக்கம் போகிறவர்களுக்கு சார்ஜ்மேன். ஏ வரிசை குறைந்த மின்னழுத்தத்துக்கு, அதில் ஏ-ஜீரோ ஆரம்பம். பி வரிசை உயர் மின்னழுத்தத்துக்கு, பி-ஜீரோ என்றால் 11,000 வோல்ட் வரை. பினாங்கில் வேலை விளம்பரங்களில் இந்த எழுத்துகளை அடிக்கடி பார்ப்பீர்கள். இதற்கு அனுபவக் கடிதம் தேவைப்படும், எனவே எங்கே வேலை செய்தாலும் விலகும்போது என்ன வேலை, எத்தனை வோல்ட் சிஸ்டம் என்று விவரமாக எழுதிய கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். கம்பெனி மூடிப்போன பிறகு தேடினால் கிடைக்காது.

இதைப் படிப்பவர்களில் ஏற்கெனவே வருடக்கணக்காக வயரிங் செய்துகொண்டு, கையில் ஒரு தாளும் இல்லாதவர்கள் இருப்பார்கள். உங்களுக்கு மறுபடியும் வகுப்பில் உட்கார வேண்டிய கட்டாயம் இல்லை. பி.பி.டி. என்று ஒரு வழி இருக்கிறது. அனுபவத்தை ஆதாரங்களோடு காட்டி, மதிப்பீட்டுக்கு உட்பட்டு எஸ்.கே.எம். பெறலாம். செய்த வேலைகளின் படங்கள், பழைய வரைபடங்கள், முதலாளியின் கடிதங்கள் எல்லாவற்றையும் இன்றிலிருந்தே ஒரு கோப்பில் சேர்க்கத் தொடங்குங்கள். அப்புறம் திறன் மேம்பாட்டுத் துறையின் அலுவலகத்தில் பி.பி.டி. பற்றி நேரில் கேளுங்கள்.